பூங்குழலியின் முகம்



நேற்று பேத்தி கைப்பேசியை நீட்டி, "தாத்தா, இதுதான் வந்தியத்தேவன்" என்றாள். செயற்கை நுண்ணறிவு வரைந்ததாம். புருவம் திருத்திய, ஜிம்முக்குப் போய்வந்த பையன். உடம்பில் வடநாட்டுக் கல்யாண மாப்பிள்ளை உடுப்பு. "இவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரை ஓட்டினவன் மாதிரி இல்லையேம்மா" என்றேன். சிரித்தாள்.

1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வந்தது. அப்போது மணியம் வரைந்த முகங்களே எங்கள் தலைமுறைக்கு மனதில் நின்றன. 2022இல் திரைப்படம் வந்தபின் பிள்ளைகளுக்கு நடிகர்களின் முகங்கள். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கதாபாத்திரங்களை வரைய ஆசைப்படும் பிள்ளைகள், இன்னொருவர் வரைந்ததை முதலில் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

உடை, நகை, கொண்டைக்குத் தஞ்சாவூர் போங்கள். அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காளை இல்லை, கை மட்டும் அதன்மேல் சாய்ந்தபடியே இருக்கிறது. சடையைத் தலைப்பாகைபோல் சுற்றியிருக்கும் அழகை நாள் முழுதும் பார்க்கலாம். பெரிய கோவிலின் கருவறைச் சுற்றில் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களைப் புத்தகங்களிலாவது பாருங்கள்.

முகத்துக்கு எங்கே போவது? அக்கம்பக்கமே போதும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒரு மாணவன்.

ஒன்பதாம் வகுப்பில் அவன் பூங்குழலியை வரைந்து கொண்டுவந்தான். வெயிலில் கறுத்த முகம், அகன்ற தோள், காற்றில் கலைந்த தலைமுடி. நான், "கதாநாயகியை இப்படியா போடுவது? கொஞ்சம் சிவப்பா, லட்சணமா போடுடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் ஒன்றும் பேசாமல் தாளைச் சுருட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். மீன் விற்ற கையோடு, கூடையை வாசலில் வைத்துவிட்டு அவன் அம்மா உள்ளே வந்தார். அதே முகம். அதே தோள்.

கோடிக்கரைக் கடலில் தனியாகத் துடுப்பு வலிக்கும் பெண் வேறு எப்படி இருப்பாள்? அவன் சரியாகத்தான் வரைந்திருந்தான். தமிழ் வாத்தியார் நான்தான் கதையைச் சரியாகப் படிக்கவில்லை. அன்றே அவனிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். கௌரவம் தடுத்தது. அதன்பிறகு அவன் என்னிடம் எந்தப் படத்தையும் காட்டவில்லை.

தம்பி, இதை நீ படித்தால், தவறு என்னுடையது. அந்தப் படம் இன்னும் இருந்தால் அனுப்பிவை. பேத்திக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா