நமக்குப் போதும், ஊருக்குப் போதாது



‘இருக்கிற ஃப்ரிட்ஜ் நல்லாத்தானே ஓடுது, புதுசு எதுக்கு?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், பிள்ளைகள் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ‘எல்லாரும் இப்படிப் போதும்னு உட்கார்ந்துட்டா நாடு எப்படி முன்னேறும்?’

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வியாபாரம் படுத்தால் கடையில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் ஏது? அப்படியானால் மனத்திருப்தி வளர்ச்சிக்கு முட்டுக்கட்டையா?

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி நினைவுக்கு வருகிறார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கண் மருத்துவர். அந்த விரல்களாலேயே லட்சம் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ல், வெறும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. எளிமையாகவே வாழ்ந்தார். தனக்கென்று அவருக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. ஆனால், கண்புரையால் பார்வை மங்கி வீட்டோடு முடங்கிய கிராமத்து மனிதர்களைப் பார்த்து, ‘அவங்க விதி’ என்று அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

அரவிந்த் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு மேஜைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒருவருக்கு முடிகிறபோதே அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் அப்படியே திரும்பி அடுத்த கண்ணைப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட வீணாகாது. கண்ணுக்குள் வைக்கும் இறக்குமதி லென்ஸ் 100 டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 1992ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி, சுமார் 10 டாலருக்குச் செய்து காட்டினார்கள். வசதி உள்ளவர்கள் கட்டும் பணத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை நடக்கிறது. எத்தனையோ கிராமத்துப் பெண்கள் அங்கே பயிற்சி பெற்று வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

பார்வை திரும்பியவர் மறுபடி தறிக்கோ வயலுக்கோ போகிறார். அவரைக் கவனிக்க வீட்டிலேயே இருந்த மகளும் வேலைக்குப் போகிறாள். இது பொருளாதார வளர்ச்சி இல்லாமல் வேறென்ன?

இனி நம் வீட்டுக்கு வருவோம். கொரோனா முடக்கத்தில் செலவு குறைந்திருந்த 2020-21ல், நம் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு ஜிடிபியில் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2022-23ல் அது சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்கிறது ரிசர்வ் வங்கிக் கணக்கு. கடன் கூடியது ஒரு முக்கியக் காரணம்.

எல்லாக் கடனும் தப்பில்லை. வீடு கட்டவும் தொழில் தொடங்கவும் கடன் வேண்டும்தான். ஆனால் போன், டிவி, டூர் எல்லாமே இ.எம்.ஐ. என்றால்? சம்பளம் வந்த வாரமே கணக்கு காலியாகிறது. பிடிக்காத வேலையை விட முடியாது. தையல் கடை வைக்கும் ஆசை தள்ளிக்கொண்டே போகும். மகள் மேலே படிக்க வேண்டும் என்றால் அடிவயிறு கலங்கும். ‘இது போதும்’ என்று மிச்சம் பிடித்த வீட்டுக்குத்தான் புதிதாக ஒன்றைத் துணிந்து தொடங்கும் தைரியம் வரும். அந்த மிச்சம் வங்கியில் கிடந்தாலும், யாரோ ஒருவரின் பட்டறைக்குக் கடனாகப் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போதும் என்பதை அவரவர் தமக்குத்தான் சொல்லிக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா சம்பளம் கூட்டிக் கேட்கும்போது, ‘இருக்கிறதை வெச்சு சந்தோஷமா இரு’ என்று உபதேசம் செய்யலாமா? அது அநியாயம். அவருக்கு இன்னும் வேண்டும். அதைக் கொடுப்பதுதான் முறை.

நம் பீரோவைத் திறந்து பார்த்து, ‘போதும்’ என்று சொல்லத் தயங்க வேண்டாம். தெருக்கோடி அரசுப் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லையென்றால், போதாது என்று சொல்லவும் தயங்க வேண்டாம். நாலு பேராகச் சேர்ந்து கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள். வேலை நடக்கும்வரை விடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்