பரிசலில் ஒத்தாசைன்னு ஒரு வேலை கிடையாது



மேட்டூர் அணை பார்க்க வர்ற டவுன்காரங்க பெரும்பாலும் அணைக்கட்டு, பூங்கா, பொரிச்ச மீன்னு முடிச்சுட்டு பஸ் ஏறிடுவாங்க. கொஞ்சம் மெனக்கெட்டு கொளத்தூர் தாண்டி பண்ணவாடி வரைக்கும் வர்றவங்க கண்ணுல வேற ஒண்ணு படும். விடியற நேரத்துல, கடல் மாதிரி கிடக்கிற தண்ணியில வட்டமா ஒரு பரிசல். அதுல ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. அனேகமா புருஷன் பொண்டாட்டியாத்தான் இருப்பாங்க. போட்டோ எடுத்துக்கிட்டு கரையில நிக்கிற எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட கேட்பாங்க: "அந்தம்மா புருஷனுக்கு ஒத்தாசைக்குப் போறாங்களா?"

கேட்கிறவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். எங்க ஊர்க்காரங்களே அப்படித்தான் சொல்வாங்க. "அவன் மீன் பிடிக்கிறான், அவ கூடமாட ஒத்தாசைக்குப் போறா." எனக்கு இந்த வார்த்தையில உடன்பாடு இல்லை. ஏன் இல்லைன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் மீனவன் இல்லீங்க. கடலையும் ராகியும் போடுற சின்ன விவசாயி. ஆனா என் காடு தண்ணிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்துல இருக்கு. முப்பது வருஷமா காலையில மாடு அவுக்கும்போது இவங்க பரிசல் எறக்குறதையும், வெயில் ஏறும்போது கரை ஏத்துறதையும் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

முதல்ல பரிசல்னா என்னன்னு பார்ப்போம். மூங்கில் பத்தையில கூடை மாதிரி பின்னி, அடியில பிளாஸ்டிக் சாக்கைத் தைச்சு, தாரைக் காய்ச்சிப் பூசியிருப்பாங்க. அந்தக் காலத்துல மாட்டுத் தோல். இப்ப சில பேர் ஃபைபர்லயும் வச்சிருக்காங்க. இதுக்கு முன்னாடி பின்னாடி கிடையாது. மோட்டார் கிடையாது. ஒரே ஒரு துடுப்பு. படகுல போடுற மாதிரி ஒரு பக்கமாத் துடுப்பு போட்டா இருந்த இடத்துலயே ராட்டினம் சுத்தும். போக வேண்டிய பக்கம் பார்த்து உட்கார்ந்து, முன்னாலிருக்கிற தண்ணியைத் தன் பக்கமா இழுத்து இழுத்து ஓட்டணும். வலை விடுறப்ப ஒரே சீரா, காத்துக்கு விலகாம போகணும். நேராப் போகலைன்னா வலை சுருண்டுக்கும்.

அந்தத் துடுப்பு யார் கையில இருக்கும்னு நினைக்கிறீங்க? எங்க பக்கம் பெரும்பாலும் வீட்டுக்காரம்மா கையில. வீட்டுக்காரர் பின்னால உட்கார்ந்து வலையை விடுவார், காலையில போய் எடுப்பார். ஓட்டுறது அந்தம்மா. பஸ்ஸுக்கு டிரைவர் எப்படியோ அப்படி. டிரைவரைப் பார்த்து யாராவது "கண்டக்டருக்கு ஒத்தாசைக்கு வந்தீங்களா?"ன்னு கேட்போமா?

நடுத்தண்ணியில போறதைவிடக் கஷ்டமான நேரம் கரையிலதான் இருக்கு. எறக்குற அஞ்சு நிமிஷம், ஏத்துற பத்து நிமிஷம். சண்டை வர்றதும் கால்ல முள் ஏறுறதும் பரிசல் கவிழறதும் பெரும்பாலும் அப்பத்தான்.

எறக்குறதைப் பாருங்க. பரிசலைக் கவுத்து முதுகுமேல, தலைமேல சுமந்துக்கிட்டு ஒருத்தர் வருவார். உள்ள இருக்கிறவருக்குத் தன் பாதம் மட்டும்தான் தெரியும். தண்ணி வத்தின பக்கம் பூரா சேறு, வெடிப்பு, வெட்டிப்போட்ட சீமைக்கருவேல மூடு. முன்னால வலையும் துடுப்பும் தூக்கிட்டுப் போறவங்கதான் "பள்ளம்", "முள்ளு", "இடது பக்கம் வாங்க"ன்னு சொல்லணும். தண்ணியில வச்சதும் ஒருத்தர் விளிம்பைப் பிடிச்சுக்கணும். இன்னொருத்தர் விளிம்புல கால் வைக்காம நட்டநடுவுல கால் வச்சு ஏறி உட்காரணும். அப்புறம் வலை நடுவுல வரும். கடைசியா வெளியில நிக்கிறவர் தள்ளிவிட்டு ஏறுவார். அவர் ஏறுற அந்த நொடியில உள்ள இருக்கிறவங்க எதிர்ப்பக்கம் சாய்ஞ்சு பாரம் கொடுக்கணும். இல்லைன்னா ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளதான்.

திரும்பி வர்றப்ப இன்னும் மோசம். வலை ஊறி எடை கூடியிருக்கும். மீன் பாரம் வேற. ராத்தூக்கம் கெட்ட உடம்பு. கரை வந்துடுச்சுன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுந்தா போச்சு. ஒருத்தர் இறங்கி விளிம்பைப் பிடிக்கிற வரைக்கும் மத்தவர் அசையாம உட்கார்ந்திருக்கணும். அப்புறம் மீனை எறக்கி, வலையை எறக்கி, பரிசல்ல தேங்கின தண்ணியைச் சாய்ச்சு ஊத்தி, மேட்டுக்குக் கொண்டுபோய்க் கவுத்துப் போடணும்.

எவ்வளவு மேட்டுக்குன்னு கேட்டா, அது அணையைப் பொறுத்தது. 1934ல கட்டி முடிச்ச அணை. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இந்த 120ங்கிற நம்பரைத்தான் நீங்க பேப்பர்ல படிக்கிறீங்க. எங்களுக்கு அது நடக்கிற தூரம். மட்டம் இறங்க இறங்கக் கரை பின்னால போய்க்கிட்டே இருக்கும். பண்ணவாடியில முங்கிக் கிடக்கிற நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளியில தெரிய ஆரம்பிச்சா, பரிசலைச் சுமந்துக்கிட்டு சேத்துல ரொம்ப தூரம் நடக்கணும்னு அர்த்தம்.

ஏறுறப்ப வேற கதை. 2024ல ஜூன் 12ம் தேதி வழக்கமா டெல்டாவுக்குத் தண்ணி திறக்கிற நாள்ல மட்டம் 45 அடி கூட இல்லை, திறக்கவே இல்லை. கர்நாடகாவுல மழை கொட்டி, ஜூலை 30ம் தேதி 120 அடி நிரம்பிடுச்சு. ஏழு வாரத்துக்குள்ள! அந்த மாதிரி நாள்ல சாயங்காலம் கரையோரமா போட்ட பரிசல் காலையில கரையில இருக்காது. அலுப்புல "இங்கேயே கிடக்கட்டும், காலையில பார்த்துக்கலாம்"னு ஒருத்தர் சொன்னா, "இல்லை, இன்னும் மேல தூக்குவோம்"னு சொல்ல இன்னொருத்தருக்கு வாய் இருக்கணும். சொன்னாக் கேட்கவும் காது இருக்கணும்.

என் கட்சியை இப்ப சொல்லிடறேன். ரெண்டு ஆள் இல்லாம நடக்காத வேலையில வேலைக்காரர், ஒத்தாசைக்காரர்னு பிரிவு கிடையாது. அந்த நிமிஷத்துல ஆபத்து யார் கண்ணுக்குத் தெரியுதோ அவங்க சொல்றதுதான் செல்லும். பரிசலைச் சுமக்கிறப்ப முன்னால போறவங்க சொல்லணும். ஏறுறப்ப தண்ணியில நின்னு விளிம்பைப் பிடிச்சிருக்கிறவங்க சொல்லணும். நடுவுல போறப்ப துடுப்பு வச்சிருக்கிறவங்க சொல்லணும். அதிகாரம் ஆளோட இல்லை, நிக்கிற இடத்தோட போகணும்.

இது பரிசலுக்கு மட்டும் இல்லைங்க. டிராக்டர்ல ட்ரெய்லரைக் கோத்து ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் திருப்பினா ட்ரெய்லர் அந்தப் பக்கம் போகும். கடலை மூட்டை ஏத்தினா பின்னால ஒண்ணும் தெரியாது. என் வீட்டுக்காரம்மா பின்னால நின்னு கையைத் தூக்கினா நான் பிரேக் போட்டுடுவேன். ஏன்னு கேட்கிறதெல்லாம் வண்டி நின்ன பிறகுதான். கத்திப் பேசினா இன்ஜின் சத்தத்துல காதுல விழாது, அதனால கைதான் பாஷை. ஒரு கை தூக்கினா நில்லு, ரெண்டு கையும் ஆட்டினா வா. அவ்வளவுதான்.

அமெரிக்காவுல இருக்கிற எங்க சொந்தக்காரப் பையன் ஒரு வீடியோ காட்டினான். அங்க காருக்குப் பின்னால ட்ரெய்லர்ல போட்டைக் கட்டி ஏரிக்குக் கொண்டுவர்றாங்க. சிமெண்ட் சரிவுல ட்ரெய்லரை ரிவர்ஸ்ல தண்ணிக்குள்ள விட்டா போட் மிதந்துடும். திரும்ப ஏத்துறப்ப மறுபடியும் ட்ரெய்லரைத் தண்ணிக்குள்ள விட்டு, போட்டை அதுமேல நேரா நிறுத்தி, இழுத்துக் கட்டணும். கார்ல புருஷன், கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியோரத்துல பொண்டாட்டி. அவர் இந்தம்மாவைக் கத்த, இந்தம்மா அவரைக் கத்த, பின்னால நாலு வண்டி காத்துக் கிடக்கு. மொழி புரியலைன்னாலும் சண்டை நல்லாவே புரிஞ்சது. எங்க ஊர்த் துறையில நடக்கிறதேதான். இதுக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே வைத்தியம்தான் எனக்குத் தோணுது. கால் நனையறதுக்கு முன்னாடியே யார் எதைச் செய்யறது, எதுக்கு என்ன சைகைன்னு பேசி வச்சுக்கணும்.

பெரியவங்க சில பேர் ஒத்துக்க மாட்டாங்க. "ஒரு தலைன்னா ஒரு பேச்சு. ரெண்டு பேரும் அதிகாரம் பண்ணினா பரிசல் கவுந்துடும்"பாங்க. அவங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ஒரு நேரத்துல ஒரு குரல்தான் இருக்கணும். ஆனா எப்பவும் அதே குரல்தான் இருக்கணும்னு தண்ணி கேட்கலையே!

இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு வேலையையும் ரெண்டு பேரும் கத்துக்கணும். இது சமத்துவம் பேசுறதுக்காக இல்லை, சோத்துக்காகச் சொல்றேன். எங்க ஊர்ல ரெண்டு குடும்பத்தைப் பார்த்திருக்கேன். ஒரு வீட்டுல அவருக்குத் தோள்பட்டை இறங்கி ஆறு மாசம் கை தூக்க முடியலை. அந்தம்மாவுக்கு வலை விடத் தெரியும், எடுக்கத் தெரியும், எந்த மடுவுல கெளுத்தி நிக்கும், எங்க கட்லா வரும்னு தெரியும். பெரிய பொண்ணைத் துடுப்புல உட்கார வச்சு அந்த ஆறு மாசத்தையும் ஓட்டிட்டாங்க. இன்னொரு வீட்டுல அவர் திடீர்னு போய்ச் சேர்ந்துட்டார். இருபது வருஷம் துடுப்பு போட்ட பொம்பளை. ஆனா வலைப் பக்கம் அவங்களை அவர் விட்டதே இல்லை. "உனக்கெதுக்கு, நான் இருக்கேன்ல"ன்னு பாசமாத்தான் சொல்லியிருப்பார். பரிசலையும் வலையையும் வந்த விலைக்கு வித்துட்டு இப்ப கூலி வேலைக்குப் போறாங்க. பொழுதுக்கும் தண்ணியைப் பார்த்துக்கிட்டே அடுத்தவங்க காட்டுல களை வெட்டுறாங்க.

ஒத்தாசைங்கிற வார்த்தை செய்யற கெடுதல் இதுதான். ஒத்தாசைக்காரங்களுக்கு முழு வேலையையும் சொல்லிக்கொடுக்கணும்னு யாருக்கும் தோணாது. எடை போடுற இடத்துல நோட்டுல ஒரு பேருதான் ஏறும். காசு ஒரு கையிலதான் விழும். பரிசலுக்கு எப்ப தார் பூசுறது, புது வலை வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு எடுக்கிறப்ப, தினமும் ஓட்டுறவங்களைக் கேட்கவே மாட்டாங்க.

நிலைமை மாறாமலும் இல்லை. இளவட்ட ஜோடிங்க சில பேர் இடம் மாறி உட்கார்றதைப் பார்க்கிறேன். போகும்போது அவ துடுப்பு, வரும்போது அவன். அவ வலை எடுக்கிறா, அவன் "மெதுவா, சிக்கிக்கப் போகுது"ங்கிறான். பார்க்க நல்லா இருக்கு.

நீங்க டவுன்ல பரிசல் எறக்கப் போறதில்லை. ஆனா சந்துக்குள்ள காரை ரிவர்ஸ் எடுக்கிறீங்க, ஒருத்தர் ஏணியில ஏறி ஒருத்தர் பிடிக்கிறீங்க, பீரோவை மாடிக்கு ஏத்துறீங்க. பின்னால நிக்கிறவங்க "நிறுத்துங்க"ன்னா நிறுத்திட்டு அப்புறம் கேளுங்க. ஞாயித்துக்கிழமை காலி கிரவுண்டுல இடம் மாறி, அவங்களை வண்டி எடுக்கச் சொல்லி நீங்க பின்னால நின்னு பாருங்க. பின்னால நிக்கிறது எவ்வளவு பெரிய வேலைன்னு அப்பத் தெரியும்.

அடுத்த முறை பண்ணவாடிப் பக்கம் வந்தா, பரிசல் கரை ஏறுற நேரத்துக்கு வாங்க. அந்தம்மாகிட்ட "ஒத்தாசைக்கு வந்தீங்களா"ன்னு கேட்காதீங்க. "இன்னிக்குக் காத்து எப்படிங்க இருந்துச்சு?"ன்னு கேளுங்க. ஓட்டினவங்களுக்குத்தான் அது தெரியும். ஒரு மணி நேரத்துக்குக் கதை சொல்வாங்க.

மூணு பேஸ் கரண்டு வந்துடுச்சு. கடலைக்குத் தண்ணி கட்டணும். வர்றேங்க.