ஞாயிற்றுக்கிழமை அரை மணி

புது ஸ்கூட்டர் வாங்கினால் ஷோரூமில் சாவியோடு ஒரு சிறு புத்தகமும் தருகிறார்கள். சாவி சட்டைப் பைக்குப் போகிறது. புத்தகம் சீட்டுக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. பல ஊர்களில் இதனால் உடனே குடிமுழுகிப் போய்விடாது. கொச்சியின் தோப்பும்படி அப்படிப்பட்ட ஊர் அல்ல.

ஒரு பக்கம் மட்டாஞ்சேரி. காயலுக்கு அந்தப் பக்கம் வெலிங்டன் தீவு. நடுவே மீன்பிடித் துறைமுகம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு இது இரண்டாவது ஊர் மாதிரி. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைப் போல இரண்டு மடங்கு. மழை இல்லாத நாளிலும் காற்றில் உப்பு உண்டு. கொஞ்சம் தெற்கே இடக்கொச்சி, பெரும்படப்பு பக்கம் ‘வேலியேற்றம்’ வந்தால் உப்புத் தண்ணீர் தெருவுக்கே வந்துவிடும். ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன் விற்கப் போகிற வண்டியின் மீது நாள் முழுவதும் சொட்டுவதும் உப்புத் தண்ணீர்தான். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைச் சீக்கிரம் அரிக்கும். மூன்று வருடத் தவணையில் வாங்கிய வண்டியில் கடன் தீர்வதற்குள் துரு முந்திக்கொண்டால் நஷ்டம் யாருக்கு?

பழைய ஸ்கூட்டர்காரர்களுக்கு இந்த உபதேசம் தேவைப்பட்டிருக்காது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். கிளம்ப மறுத்தால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி மறுபடி உதைக்க வேண்டும். சொந்தக்காரர் எல்லோருமே அரை மெக்கானிக். 2001இல் ஹோண்டா ஆக்டிவா வந்த பிறகு கியர் இல்லாத நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் தெருவைப் பிடித்துக்கொண்டன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபோது கார்புரேட்டரும் விடைபெற்று, அந்த இடத்தில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உட்கார்ந்தது. பட்டனைத் தொட்டால் கிளம்புகிறது. வண்டி நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. நாமும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் உப்புக்கு இந்த முன்னேற்றமெல்லாம் தெரியாது.

முதல் ஆயிரம் கிலோமீட்டரில் வண்டிக்குள் நிறைய நடக்கிறது. பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகும்போது நுண்ணிய உலோகத் தூள் ஆயிலில் சேர்கிறது. பிரேக் ஷூ டிரம்மோடு பொருந்த வேண்டும். கேபிள் சற்று நீளும். நட்டுகள் அதிர்வில் கொஞ்சம் தளரலாம். அதனால்தான் முதல் சர்வீஸைப் பெரும்பாலான கம்பெனிகள் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வைத்திருக்கின்றன. அதுவரை ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்காதீர்கள். ஒரே வேகத்திலேயே ரொம்ப தூரம் போகாதீர்கள். நின்ற இடத்தில் எஞ்சினை வெறுமனே ஓடவிடுவதும் வேண்டாம். புது டயர் ஆரம்பத்தில் வழுக்கும்; மழை நாளில் இரட்டிப்பாக.

இனி ஞாயிற்றுக்கிழமை வேலை. முதலில் தண்ணீர். நல்ல தண்ணீரில் அடிப்பாகம், மட்கார்டின் உட்புறம், சைலென்சர் எல்லாம் கழுவுங்கள். பிரஷர் பைப் வேண்டாம்; அது பேரிங், மின் இணைப்புகளுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். துடைத்துக் காயவைத்த பிறகுதான் கவர் போட வேண்டும். ஈர வண்டிக்குக் கவர் போடுவது, துருவுக்குப் போர்வை போர்த்துகிற காரியம்.

அடுத்து ஆயில். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மேலும் இரண்டு மூன்று நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். பல மாடல்களில் அதைத் திருகாமல் சும்மா நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்பது அந்தச் சிறு புத்தகத்தில் இருக்கிறது. அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் நல்லது. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற வண்டியில் எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகிற நீராவி சைலென்சரிலும் எஞ்சினுக்குள்ளும் தங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறையாவது பாலம் தாண்டி எர்ணாகுளம் வரை ஓட்டிவிட்டு வாருங்கள்.

டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பாருங்கள். தனியாகப் போவதற்கு ஒரு அளவு, பின்னால் ஆள் இருந்தால் வேறு அளவு. பிரேக் லீவரில் பிடிப்பதற்கு முன் இருக்கும் ஆட்டம் பல மாடல்களில் 10 முதல் 20 மில்லிமீட்டர். பின் சக்கர டிரம் பிரேக்கின் நட்டைத் திருகி அதை நீங்களே சரிசெய்யலாம். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, உரசாமல் சுழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகளில் குறைந்தபட்சம் கூட்டு பிரேக் கட்டாயம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அந்த இணைப்புக் கேபிளில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

ஸ்டாண்டின் அச்சு, லீவரின் அச்சு இவற்றுக்குத் துளி கிரீஸ். பேட்டரி முனைகளுக்குக் கொஞ்சம் வாசலின். வெளியே தெரியும் போல்ட் தலைகளில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. டயரிலும் பிரேக்கிலும் மட்டும் எண்ணெய் படவே கூடாது. அது துருவைவிட ஆபத்து.

வேலியேற்றத் தண்ணீரில் போக நேர்ந்தால், வெளியே வந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டபடி கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டுங்கள், ஷூ காயும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சைலென்சர் முழுகி வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு பட்டன் அழுத்தலே பெரிய செலவில் முடியும்.

ஆர்வக் கோளாறில் செய்யக்கூடாதவையும் உண்டு. இப்போதைய பல ஸ்கூட்டர்களில் ஏர் ஃபில்டர் எண்ணெய் தோய்ந்த காகித ரகம். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் கெட்டுவிடும்; காலம் வந்தால் மாற்ற வேண்டியதுதான். நீங்களே ஆயில் மாற்றினால் பைக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். பைக்கின் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக்கிடப்பது, அதற்கு எம்.ஏ. ரகம். ஸ்கூட்டர் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பது, அதற்கு எம்.பி. ரகம். டிரெய்ன் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். பலம் காட்டி முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

கழிவு ஆயிலைக் கானாவில் ஊற்றாதீர்கள். தோப்பும்படியில் கானா என்றால் அடுத்தது காயல். காயலில் மீனும் இறாலும் உண்டு, அதை நம்பி வலை வீசுகிறவர்களும் உண்டு. கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் நாமே செய்தால் வாரன்ட்டி போய்விடாதா? கழுவுவதற்கும் காற்று பார்ப்பதற்கும் யாரும் வாரன்ட்டியை ரத்து செய்வதில்லை. ஆனால் இலவச சர்வீஸ் கூப்பன்களைக் குறித்த தேதியில், குறித்த கிலோமீட்டரில் பயன்படுத்தத்தான் வேண்டும். தவறினால் உரிமை கோரும்போது அதையே காரணம் காட்டுவார்கள். ‘இலவசம்’ என்பது கூலிக்குத்தான், ஆயிலுக்குக் காசு உண்டு. நடுவில் நீங்களாக ஆயில் மாற்றினால் சரியான ரகம் வாங்கி, பில்லையும் மாற்றிய கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள்.

சொந்த வண்டியைப் பழுதுபார்க்கும் உரிமை சின்ன சமாச்சாரம் அல்ல. உதிரிபாகங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு இணையதளமே தொடங்கியது. அதில் வாகனத் துறையும் அடக்கம்.

ஆனால் உரிமை இருந்தால் போதுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவருக்கு அந்த உரிமையால் பெரிய லாபமில்லை. வண்டியின் வழக்கமான சத்தமும் பிரேக்கின் வழக்கமான பிடிப்பும் கைக்குப் பழகியிருந்தால்தான், ஒரு நாள் அது மாறும்போது தெரியும். சர்வீஸ் சென்டரில் நீட்டுகிற பில்லில் எது தேவை, எது தண்டம் என்று கேட்கும் தைரியமும் அப்போதுதான் வரும். தூத்துக்குடியிலும் ராயபுரத்திலும் மும்பைக் கடலோரத்திலும் இருக்கிற ஸ்கூட்டர்காரர்களுக்கும் இதே கதைதான். வாரத்துக்கு அரை மணி. முதலில் அந்தப் புத்தகத்தின் உறையைப் பிரியுங்கள்.