கிராண்டில் யார் பெயர்?

காலை ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து நான்கு மணி நேரம் பேசுவது என் தொழில். பேசி முடித்து வெளியே வந்தால் சாலை நெரிசல். வீட்டுக்கு வந்தால் மேல்மாடியில் துளைபோடும் சத்தம். அதனால் எனக்குப் பல வருடங்களாக ஓர் ஆசை. ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில், சின்னதாக ஒரு வீடு. பக்கத்தில் ஓர் ஓடை. சனிக்கிழமை போனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை யாரிடமும் பேசக்கூடாது!

இந்த ஆசை எனக்கு மட்டும் இல்லை. கோவிட் காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த பிறகு, என் நண்பர்களில் பாதிப் பேர் கைப்பேசியில் நிலம் பார்க்கிறார்கள். 'டுரியான் மரத்துடன்', 'ஆற்றோரம்', 'குளுகுளு காற்று' என்று விளம்பரங்களும் வந்துகொண்டே இருக்கின்றன.

சென்ற ஆண்டு எனக்கும் அப்படி ஒன்று கண்ணில் பட்டது. காராக் நெடுஞ்சாலையில் போய், பெந்தோங்கைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டும். ஐந்து ஏக்கர் நிலம். அதை முப்பது லாட்டுகளாகப் பிரித்து விற்கிறார்கள். ஒரு லாட் 5,000 சதுர அடி, விலை 65,000 ரிங்கிட். கோலாலம்பூரில் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும், சொல்லுங்கள்? இடத்தைப் பார்க்காமலேயே 2,000 ரிங்கிட் புக்கிங் கட்டிவிட்டேன். அதன் பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். மீதிப் பணத்தில் பாதி அவருடைய சேமநிதிப் பணம்.

அப்பா தோட்டத்தில் பிறந்தவர். முப்பது வருடம் பால்மரம் சீவியவர். நிலத்தைப் பார்க்க அவரையும் அழைத்துக்கொண்டு போனோம். இடம் விளம்பரத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே காட்டு மரங்கள் முளைத்து, வெயில் தரையில் விழாத அளவுக்கு அடர்த்தி. நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் எந்தப் பக்கம் வராந்தா வைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா மரத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் தரகரிடம் போனார்.

"தம்பி, கிராண்டு எங்க?"

"ஆபீஸ்ல பத்திரமா இருக்குங்க ஐயா."

"யாரு பேருல இருக்கு?"

"கம்பெனி பேருலதான். உங்களுக்கு அக்ரிமெண்ட் போட்டுக் கொடுத்துருவோம். பிறகு பேரு மாத்திக்கலாம்."

அப்பா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. காரில் ஏறியதும், "கிராண்டு நம்பர கேட்டு வாங்கும்மா" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இவ்வளவு அழகான இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லக் கூடாதா?

தரகர் நம்பரைக் கொடுக்க இரண்டு வாரம் இழுத்தார். கொடுத்ததும் நில அலுவலகத்தில் தனியார் தேடல் செய்தோம். மலாயில் 'சாரியான் பெர்செண்டிரியான்' என்பார்கள். கிராண்டு எண், லாட் எண், முக்கிம் பெயர் இருந்தால் போதும், சிறு கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கையில் வந்த தாளில் மூன்று விஷயங்கள் இருந்தன.

முதலாவது, நிலத்தின் வகை 'பெர்த்தானியான்', அதாவது விவசாயம். நிபந்தனை என்ற இடத்தில் ரப்பர் என்று போட்டிருந்தது. இரண்டாவது, நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தது. மூன்றாவது, உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த பெயர் தரகர் சொன்ன கம்பெனியின் பெயரே இல்லை!

எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் தாளைக் காட்டினேன். அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஹெக்டேரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறைவாகப் பிரித்துத் தனித்தனி கிராண்டு வாங்க முடியாது. அது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அப்படியானால் 5,000 சதுர அடி லாட்டுக்கு என் பெயரில் தனி கிராண்டு எப்படி வரும்? வராது. அதிகபட்சம், முப்பது பேரோடு சேர்ந்து ஒரே கிராண்டில் பங்குதாரராக இருக்கலாம். அப்போதும் எந்த மூலை என்னுடையது என்று கிராண்டு சொல்லாது. வேலி போட்டது, மரம் நட்டது எல்லாம் எங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சுதான். நாளைக்கு ஒருவர் இறந்துபோனாலோ ஒருவர் கடன்பட்டாலோ, மற்ற எல்லாருக்கும் தலைவலி.

விவசாய நிலத்தில் உரிமையாளர் தான் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கும் வரம்பு உண்டு, ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும். ஐந்து ஏக்கரில் முப்பது வீடு என்பது வேறு கதை. அதற்கு நிலத்தின் வகையையே மாற்ற வேண்டும். மாநில அரசு ஒப்புக்கொண்டால் பிரீமியம் கட்ட வேண்டும். 65,000 ரிங்கிட் விலையில் அந்தச் செலவு எதுவும் சேரவில்லை.

அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு தடவ நடந்திருக்கும்மா" என்றார்.

சுதந்திரம் கிடைத்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். அதற்குத் 'தோட்டத் துண்டாடல்' என்றே பெயர். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பெரியவர்கள் அந்தச் சொல்லை வியாதியின் பெயர் மாதிரிச் சொல்வார்களாம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்.

எங்கள் தோட்டம் தப்பித்தது, ஆனால் தொண்ணூறுகளில் வீடமைப்புத் திட்டத்துக்குப் போய்விட்டது. லயத்துக்குப் பின்னால் தாத்தா நட்ட பலாமரம் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. லாரியில் சாமான் ஏற்றும்போது அந்த மரத்தில் பிஞ்சு விட்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நம்ம மரம்தான்" என்றார் அப்பா. "ஆனா மண்ணு யாரு பேருல இருந்துச்சு?"

அவர் தரகரிடம் கேட்ட முதல் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நீங்களும் இப்படி ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தால், நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கிராண்டைத் தேடுங்கள். நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை வருடம் மிச்சம் என்று பாருங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் நம்மால் வாங்க முடியாது. அடமானம், தடை மனு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். போகும் வழி அரசாங்கச் சாலையா, பக்கத்துக்காரர் நிலமா என்று கேளுங்கள். கடைசி மின்கம்பம் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரிவையும் பாருங்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில், விவசாயப் பண்ணை ஒன்றின் கூடார முகாமில் நிலம் சரிந்து 31 பேர் உயிரிழந்தார்கள். நாம் தேடுவது போன்ற அமைதியைத் தேடிப் போனவர்கள்தான் அவர்கள்.

என் 2,000 ரிங்கிட்டில் இதுவரை 500 திரும்பி வந்திருக்கிறது. தரகர் இப்போது போனை எடுப்பதில்லை. அப்பாவின் சேமநிதிப் பணம் பத்திரமாக இருக்கிறது. அதை நினைத்தால் அந்த 1,500 பெரிதாகத் தெரியவில்லை.

ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. போன மாதம் ராவுப் பக்கம் ஓர் இடம் பார்த்தோம். ஒன்றேகால் ஏக்கர், தனி கிராண்டு, கிழவர் ஒருவர் தன் பெயரிலேயே வைத்திருக்கிறார். விலைதான் கையைக் கடிக்கிறது. இரண்டு வருடம் சேர்த்தால் எட்டலாம். அப்பா தாளை இரண்டு முறை படித்தார். பிறகுதான் தலையைத் தூக்கி, "அது என்ன மரம், லங்சாட்டா?" என்று கேட்டார்.