பர்கூர் மலையில் மட்டும் பழங்குடி இல்லையா?

ஈரோடு மாவட்டத்தின் வடகோடியில், அந்தியூர் தாலுகாவில் இருக்கிறது பர்கூர் மலை. அந்தியூரிலிருந்து தாமரைக்கரை வழியாக ஏறி, கர்கேகண்டியைத் தாண்டினால் கர்நாடகம். சோளகர், ஊராளி, கன்னடம் பேசும் லிங்காயத்துகள் எனப் பலரும் வாழும் இந்த மலையில் மலையாளி மக்களும் கணிசமாக இருக்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களின் வழிவழிக் கதை.

சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளிகள் பழங்குடியினர். பர்கூர் மலையாளிகள் மட்டும் இல்லை.

காரணம் பட்டியலில் உள்ள ஓர் அடைப்புக்குறி. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் வாழ்வோர் என்று போட்டிருக்கிறது. பட்டியல் போட்டபோது பர்கூர் கோவை மாவட்டத்தில் இருந்தது. கோவை அந்த வரிசையில் இல்லை. 1979-ல் கோவையைப் பிரித்துப் பெரியார் மாவட்டம் உருவானது. பிறகு அது ஈரோடு ஆனது. விடுபட்டது விடுபட்டதுதான். வடஆற்காடும் தென்ஆற்காடும் இன்று வரைபடத்திலேயே கிடையாது. இல்லாத மாவட்டங்களுக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது, இருக்கிற ஈரோட்டுக்கு இல்லை! கிழக்கே மேட்டூர் தாலுகாவின் பாலமலை சேலம் மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள மலையாளிக்குப் பழங்குடிச் சான்று உண்டு. பர்கூரில் இருக்கும் உறவினருக்குக் கிடையாது.

சான்று இல்லையென்றால் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகையும் வேலை இடஒதுக்கீடும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது நிலம். வன உரிமைச் சட்டம் 2006-ன்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை அனுபவித்து வருவதைக் காட்டினால் போதும். மற்றவர்களோ அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 1930-ல் மலையில் குடிசை போட்டவருக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? தலைமுறை தலைமுறையாக ராகி விதைத்த நிலத்தில், பர்கூர் மலையாளி 'இதர' கணக்கில் நிற்கிறார்.

2024-ல் அந்தியூர், கோபி தாலுகாக்களின் காடுகளைச் சேர்த்து, 80,000 ஹெக்டேருக்கு மேல், தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டைக் காக்க வேண்டியதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் சரணாலயம் என்றதும் மேய்ச்சல் கட்டுப்பாடு வந்துவிடுகிறது. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு திரியும் பர்கூர் மாடு காட்டில் மேய்ந்து வளர்கிற இனம். கொட்டகையில் கட்டிப் போட்டுத் தீவனம் வாங்கிப் போட மலைக்காரர்களிடம் பணம் ஏது? அந்த மாட்டினத்துக்காகத் துருசனாம்பாளையத்தில் ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறது அரசு. மாட்டை அடையாளம் கண்டவர்களுக்கு மனிதரை அடையாளம் காண இவ்வளவு காலம் ஏன்?

மக்கள்தொகைக் கணக்கிலும் இதே ஓட்டைதான். பட்டியலில் இல்லாதவர் பழங்குடியாக எண்ணப்படுவதில்லை. எண்ணிக்கை குறைவு என்பதால் திட்ட நிதியும் குறைகிறது.

பட்டியலைத் திருத்த அரசியல் சட்டத்தின் 342-ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றத்தால்தான் முடியும். முடியாத காரியமும் இல்லை. நரிக்குறவர்களைச் சேர்க்கும் மசோதா 2022-ல் கொண்டுவரப்பட்டது. பர்கூர் மலையாளிகளையும் அப்படிச் சேர்க்கத் தமிழக அரசு டெல்லியில் விடாமல் வலியுறுத்த வேண்டும். மத்திய அரசு 'மலையாளி'க்குப் பக்கத்தில் ஈரோட்டைச் சேர்க்கட்டும், அல்லது மாவட்டப் பெயர்களையே எடுத்துவிடட்டும். அதுவரை மாவட்ட நிர்வாகம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று வன உரிமை விதிகளே சொல்கின்றன. அதை வைத்துக் கிராம சபைகளைக் கூட்டி, பர்கூர் மலையாளிகளின் நில உரிமை மனுக்களை முடித்துக் கொடுக்க ஆட்சியர் இப்போதே உத்தரவிட வேண்டும்.