ஏற்றத்துக்கு ஒரு கிளவுஸ், இறக்கத்துக்கு ஒன்று

மதுரையில் சைக்கிள் ஓட்ட கிளவுஸ் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் விரல்நுனி வெட்டிய ஜோடியைத்தான் எடுத்துப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஜனவரி விடியற்காலையில்கூட இந்த ஊரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். மார்கழிப் பனியில் பேப்பர் போடுகிறவரும் பால்காரரும் மப்ளரால் காதை மூடுவார்களே தவிர, கையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சோழவந்தான், வாடிப்பட்டி வயல்களுக்கு நடுவே போனால் இன்னும் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்.

சிக்கல் வத்தலக்குண்டைத் தாண்டிய பிறகு ஆரம்பிக்கிறது. கியர் சைக்கிள் வாங்கிய மதுரைக்காரர் எவருக்கும் ஒரு நாள் கொடைக்கானல் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தே தீரும். தூரம் சுமார் 120 கி.மீ. மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் கொடைக்கானலில் 8 டிகிரி சாதாரணம். சில விடியல்களில் ஏரியை ஒட்டிய புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

ஏறும்போது இந்தக் குளிர் உறைக்காது. ஐந்தாறு மணி நேரம் பெடல் மிதிக்கிற உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். பண்ணைக்காடு பிரிவு வருவதற்குள் பனியன் நனைந்துவிடும். மறுநாள் காலையில் டீ குடித்துவிட்டு இறங்கத் தொடங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. கால்களுக்கு வேலை இல்லை, உடம்பில் புதிதாகச் சூடு பிறப்பதில்லை. 8 டிகிரி குளிரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால், அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் கணக்குப்படி, தோலுக்கு அது 3 டிகிரி போலத்தான் இருக்கும். அந்தக் காற்றை முதலில் வாங்குவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல்கள். நெஞ்சுக்குள் சூட்டைக் காப்பாற்ற உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். விரலின் தோல் 15 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் நுட்பமான பிடி தளரத் தொடங்கும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது பிரேக் பிடிக்க வேண்டியது இதே விரல்கள்தான். மலைப்பாதையில் கிளவுஸை பிரேக்கின் ஒரு பாகமாகப் பார்ப்பதே சரி. சொகுசுச் சாமான் பட்டியலில் அதைச் சேர்ப்பவர்கள் ஒருமுறை விரல் விறைத்து இறங்கிப் பார்க்கட்டும்.

உலகப் புகழ்பெற்ற வீரர்களையும் குளிர் விட்டுவைத்ததில்லை. 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயத்தில் பனி கொட்டித் தீர்த்தது. புறப்பட்டவர்கள் 174 பேர், முடித்தவர்கள் 21 பேர். பிரான்சின் பெர்னார் இனோ ஒன்பது நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். விரல்கள் இயல்புக்குத் திரும்ப அவருக்கு வாரக்கணக்கில் ஆனது. இரண்டு விரல்கள் அதற்குப் பிறகும் முழுதாகச் சரியாகவில்லை. 1988 ஜூன் 5 அன்று ஜிரோ டி இத்தாலியா பந்தயம் 2,600 மீட்டருக்கு மேலே உள்ள காவியா கணவாயைப் பனிப்புயலில் கடந்தது. அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணி, இறக்கத்தை மனதில் வைத்து, பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடைகளில் முன்னதாகவே கம்பளித் தொப்பியும் கிளவுஸும் வாங்கி வைத்திருந்தது. அன்று முன்னணி வீரருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியைப் பிடித்த ஹாம்ப்ஸ்டன் அந்த ஆண்டின் ஜிரோவையும் வென்றார்.

பனிப்புயல் கதையைக் கேட்டுவிட்டு இருப்பதிலேயே தடிமனான ஜோடியை வாங்கப் புறப்படுவதும் தவறுதான். ரொறன்ரோவின் மைனஸ் 10 டிகிரியில் சைக்கிள் ஓட்டும் நம் பிள்ளைகளுக்கு நண்டுக்கொடுக்கு மாதிரி விரல்களைச் சேர்த்து மூடும் கிளவுஸும், ஹேண்டில்பாருக்கே மாட்டும் உறையும் தேவைப்படலாம். கொடைக்கானலுக்கு அவை அதிகம். தடித்த துணிக்குள் விரல் இருந்தால் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்றே தெரியாது. மோட்டார் சைக்கிள் கிளவுஸிலும் இதே தொல்லைதான்.

இன்னொரு கோடி, கொடைக்கானல் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள ஸ்வெட்டர் கடைகளில் கிடைக்கும் பின்னல் கிளவுஸ். ஏரியைச் சுற்றி நடக்க நல்லது. இறக்கத்தில் அதன் ஒவ்வொரு கண்ணி வழியாகவும் காற்று உள்ளே நுழையும். நனைந்தால் இன்னும் மோசம்: நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். வேறு வழியே இல்லாமல் அதைத்தான் போட வேண்டுமென்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கிளவுஸை உள்ளே மாட்டிக்கொள்ளலாம். கை வியர்க்கும், ஆனாலும் அரை மணி நேரம் தாங்கும்.

அரை மணி நேரம் தாங்கினால் போதும் என்பதுதான் இந்த மலையின் சலுகை. கொடைக்கானலிலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வழியாகப் பெருமாள்மலை வரையிலான பன்னிரண்டு கி.மீ. அளவிலான இறக்கத்தில்தான் குளிர் கடிக்கும். அதற்குக் கீழே வளைவுக்கு வளைவு காற்று இளகும். ஊத்து என்ற ஊரைத் தாண்டினால் சமவெளியின் வெக்கையே முகத்தில் அடிக்கும். ஆகவே ஒரு தடித்த ஜோடியைவிட இரண்டு மெல்லிய ஜோடிகள் மேல். ஏறுவதற்கு உள்ளங்கையில் மெத்தை வைத்த அரைவிரல் ஜோடி. இறங்குவதற்குக் காற்றைத் தடுக்கும் முழுவிரல் ஜோடி. அதைப் பாலிதீன் பையில் சுற்றி, வியர்வை படாமல் மேலே கொண்டுபோக வேண்டும். இதைச் செய்யாமல் முழுவிரல் கிளவுஸோடு ஏறி அதை ஈரமாக்கிக்கொள்பவர்களே அதிகம்.

வாங்கும்போது கடையில் நிற்கும் ஏதாவது ஒரு சைக்கிளின் பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். விரல்நுனியில் துணி மிஞ்சித் தொங்கினால் அது லீவரிலும் கியரிலும் சிக்கும். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். கையை வெடுக்கென்று உருவிப் பார்ப்பதும் முக்கியம்: மலிவான கிளவுஸில் ஈரக்கையோடு உள்துணியும் சேர்ந்து வெளியே வந்துவிடும், மழையில் நின்றுகொண்டு அதைத் திரும்ப விரல் விரலாக உள்ளே தள்ள முடியாது.

சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிரவிரலும் மட்டும் மரத்துப்போனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் குளிராக இருக்காது. உள்ளங்கையின் அடியில் ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துகிறது என்று பொருள். அதற்குத் தடித்த கிளவுஸ் வாங்கிப் பயனில்லை. பிடியை அடிக்கடி மாற்றி, ஹேண்டில்பாரின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டும். குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்களும், சர்க்கரை நோயால் கையில் உணர்வு குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதிகாலையில் இறங்கக் கூடாது.

பழைய செய்தித்தாள் ஒன்றும் கூடவே இருக்கட்டும். ஐரோப்பியப் பந்தயங்களில் மலை உச்சியில் நிற்கும் ரசிகர்களிடம் தாளை வாங்கி ஜெர்சிக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறங்குவது பழைய பழக்கம். நெஞ்சு சூடாக இருந்தால் விரலுக்கும் ரத்தம் வரும். (இந்தப் பக்கமும் அதற்கு உதவும், படித்து முடித்த பிறகு.)

இரண்டு ஜோடி வாங்கக் காசு இல்லாதவர்கள் காற்றுத் தடுக்கும் முழுவிரல் ஜோடியையே வாங்கட்டும். வெறுங்கையோடு ஏறினால் கொஞ்சம் தோல் உரியும், பரவாயில்லை. ஜனவரி காலையில் வெறுங்கையோடு பெருமாள்மலை வரை இறங்குவதை யாரும் செய்ய வேண்டாம். கிளவுஸ் இல்லையென்றால் வெயில் ஏறும்வரை, பத்து மணி வரையாவது காத்திருந்து கிளம்புங்கள்.