கிரீஸ் எதுக்கு, அதான் ஆவுடையார்கோவில் இருக்கே!

அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் கிரீஸ் போகப் போகிறான். வயசு இருபத்து நாலு. பி.காம். முடித்துவிட்டுத் திருச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. ரெண்டு வருஷமாகச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. அந்தக் காசில் புல்லட் வாங்கியிருந்தால் தெருவே வந்து தடவிப் பார்த்திருக்கும். நகையாக வாங்கிப் போட்டிருந்தால் "பொறுப்பான பிள்ளை" என்று பெயர் வந்திருக்கும். இவன் ஏதென்ஸ் போய்ப் பழைய கோவில்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லித் தொலைத்துவிட்டான். அன்றைக்கு ராத்திரியே வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து கூடிவிட்டது.

"இடிஞ்ச கோயிலப் பாக்கவா இம்புட்டுச் செலவு?" இது அம்மா. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. இதற்குப் பதில் சொல்லலாம், சொல்லித்தான் ஆகணும்.

பிரச்னை மாமாவோட கேள்வி. "ஏன் மாப்ள, வெள்ளைக்காரன் நம்ம ஆவுடையார்கோயிலப் பாக்க அங்கேருந்து வர்றான். நீ அவன் ஊருக்குப் போறியா? நம்மகிட்ட இல்லாதது அங்க என்ன இருக்கு?"

கேட்டதும் திண்ணையில் இருந்த எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தமிழ்நாட்டில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் ஆட்டுவார்கள். எகிப்து போறேன்னா தஞ்சாவூர், கம்போடியா போறேன்னா மதுரை, கிரீஸ் போறேன்னா ஆவுடையார்கோவில். பதில் ரெடியாக இருக்கும். இந்தப் பதிலில் ஊர்ப்பற்று இருக்கிற மாதிரித் தெரியும். துளிகூடக் கிடையாது என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

மாமா கடைசியாக ஆவுடையார்கோவிலுக்குப் போனது எப்போது? ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்திக்கு நேரம் இருந்ததால். உள்ளே இருந்தது இருபது நிமிஷம். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் ரோட்டில் பஸ் ஏறினால் அரை மணிக் கூத்து. அந்த இருபது நிமிஷத்தில் கொடுங்கையைப் பார்த்தாரா? "அதான் மேல இருக்குமே." மேலே என்றால் எங்கே? "உள்ள போனதும் இருக்கும்யா, எல்லாம் பாத்திருக்கு." இவர்தான் கிரீஸையும் ஆவுடையார்கோவிலையும் தராசில் வைத்துத் தீர்ப்பு சொல்கிறவர். ரெண்டு தட்டிலும் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே தீர்ப்பு.

சரி, அந்தக் கொடுங்கை என்பது என்ன? மண்டபத்தின் விளிம்பில் வெளியே வளைந்து இறங்கும் கல் கூரை. நாம் ஓட்டு வீடுகளில் பார்க்கிற தாழ்வாரம் மாதிரி. அதன் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால் வரிசையாகச் சட்டம் ஓடும், குறுக்கே வரிச்சு ஓடும், ரெண்டும் சேரும் இடத்தில் ஆணி அடித்திருக்கும். ஆசாரி வந்து மரத்தில் கோர்த்துவிட்டுப் போன வேலை என்று தோன்றும். சட்டம், வரிச்சு, ஆணி எல்லாமே கருங்கல். மரவேலை என்று கண்ணை நம்பவைக்கிற கல்வேலை. அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோவில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோவில் கொடுங்கை, தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழி பலகணி மாதிரி நாலைந்து வேலை நீங்கலாக மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். ஊரில் சொல்கிற கதைதான். ஆனாலும் விதிவிலக்கு எல்லாம் போட்டு ஒப்பந்தம் எழுதின அந்த ஸ்தபதி யாராவது இருந்தால் ஆடிட்டர் ஆபீசில் நல்ல வேலை கிடைக்கும்.

இப்போ கிரீஸுக்கு வருவோம். ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றின் மேல் பார்த்தெனான். கி.மு. 447-ல் வேலை ஆரம்பித்து 432-ல் சிற்பங்களோடு முடிந்தது. தூண்களுக்கு மேலே, கூரைக்குக் கீழே ஒரு பட்டை சுற்றி ஓடும். அதில் விட்டு விட்டு மூன்று மூன்று நெடுக்குக் கோடுகளாகச் செதுக்கிய கல் பலகைகள். ஒவ்வொன்றின் கீழேயும் சொட்டுச் சொட்டாக ஆறு சின்னக் குமிழ்கள். பார்க்கிறவன் அழகுக்குச் செதுக்கினது என்று நினைத்துவிட்டுப் போய்விடுவான். கி.மு. முதல் நூற்றாண்டில் வித்ருவியஸ் என்கிற ரோமானியக் கட்டடக்காரர் இதற்கு விளக்கம் எழுதி வைத்தார். முன்னாட்களில் கோவில்கள் மரத்தில் இருந்தன, அந்தப் பலகை இருக்கும் இடம் உத்தரத்தின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடம் என்றார். கீழே இருக்கிற குமிழ்கள் மரத்தை இறுக்கிய முளைகளின் நினைவு என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இதை இன்றைக்கு எல்லா ஆராய்ச்சியாளர்களும் அப்படியே ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒலிம்பியாவில் ஹீரா தேவியின் கோவிலில், கல் தூண்களுக்கு நடுவில் ஒரே ஒரு கருவாலி மரத்தூண் இன்னும் நிற்கிறது என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊர் சுற்றிப் பார்த்த பௌசானியஸ் எழுதியிருக்கிறார். மரம் ஒவ்வொன்றாகக் கல்லாக மாறிக்கொண்டு வந்து, கடைசி மரம் மட்டும் மிச்சம்.

ஆக, அங்கேயும் கல்தச்சன் மரத்தச்சனை மறக்கவில்லை. இங்கேயும் மறக்கவில்லை. அங்கே மரத்தைச் சுருக்கி மூணு கோடு, ஆறு குமிழ் என்று ஒரு கணக்காக ஆக்கிவிட்டார்கள். இங்கே ஆணி உட்பட அப்படியே கல்லில் பெயர்த்துவிட்டார்கள். ஏன் ஒருத்தர் சுருக்கினார், ஏன் இன்னொருத்தர் விரித்தார்? கேட்க எவ்வளவு நல்ல கேள்வி! ஆவுடையார்கோவிலை அண்ணாந்து பார்த்தவனுக்குத்தான் பார்த்தெனானில் அந்தக் குமிழ்கள் கண்ணில் படும். பார்த்தெனானைப் பற்றிப் படித்தவன் திரும்பி வந்து கொடுங்கைக்குக் கீழே இன்னும் அரைமணி நிற்பான். "நம்மகிட்ட இல்லாததா" என்கிற ஒரு வரி இந்தக் கேள்வியைப் பிறக்கும் முன்னாலேயே கழுத்தைத் திருகிவிடுகிறது.

அடுத்த அஸ்திரம், "வெள்ளைக்காரன் இலை தழை கட்டிக்கிட்டுத் திரிஞ்சப்பவே நாம கோயில் கட்டிட்டோம்". கிரேக்கர்களிடம் இந்த வசனத்தை விடுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆவுடையார்கோவிலோடு சேர்த்துச் சொல்லப்படும் மாணிக்கவாசகரை ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். இன்றைக்கு நிற்கிற பெரிய மண்டபங்கள் பலவும் அதற்கும் ரொம்பப் பிந்தியவை. பார்த்தெனான் அதற்குள் கோவிலாக இருந்து, கிறிஸ்தவத் தேவாலயமாகி, பிறகு மசூதியும் ஆகி, 1687-ல் உள்ளே வைத்திருந்த வெடிமருந்தில் வெனிஸ்காரர்களின் குண்டு விழுந்து சிதறியும் போயாச்சு. இதனால் ஆவுடையார்கோவிலுக்கு என்ன குறைச்சல்? ஒண்ணுமில்லை. வயசு பார்த்தா கொடுங்கை செதுக்கினான் அந்த மனுஷன்? ரேஷன் கார்டில் வயசு கூட்டுகிற வேலையை எதற்குக் கோவிலுக்குச் செய்ய வேண்டும்?

வயசை விட்டுவிட்டு அந்தக் கோவிலில் உண்மையிலேயே ஆச்சரியமானது எது என்று ஒருத்தராவது சொன்னார்களா? கருவறையில் லிங்கம் இல்லை. ஆவுடை மட்டும்தான், அதற்கு மேலே வெறும் வெளி. எதிரே நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அம்மன் யோகாம்பாளுக்கும் உருவம் இல்லை, பலகணி வழியாகப் பாதம் மட்டும்தான் தரிசனம். வடித்த புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்டிப் பரப்புவார்கள், அந்த ஆவிதான் நைவேத்தியம். கூடவே கீரை, பாகற்காய். உருவமே இல்லாத சாமிக்கு, ஆவியாகப் போகிற சோறு. வெளியே மண்டபத் தூண்களிலோ ஆள் உயரத்துக்கு வீரபத்திரர், குறவன், குறத்தி, குதிரைமேல் வரும் சிவன் என்று நரம்பு தெரியச் செதுக்கிய உருவங்கள். வெளியில் உருவத்தின் உச்சம், உள்ளே ஒன்றுமில்லாத வெளி. கிரேக்கர்களோ நேர் எதிர். பார்த்தெனானுக்குள் தங்கத்திலும் தந்தத்திலும் சுமார் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு அதீனாவை நிறுத்தினார்கள். இதைச் சொல்லியிருந்தால் பையன் வாயைப் பிளந்து கேட்டிருப்பான். மாமா சொல்லவில்லை, ஏனென்றால் மாமாவுக்குத் தெரியாது. பக்கத்து ஊர்.

இதில் பெரிய வேடிக்கை, ஆவுடையார்கோவிலின் கதையே ஒரு வெளியூர்ப் பயணக் கதை. பாண்டியனின் மந்திரி கஜானாப் பணத்தோடு குதிரை வாங்கக் கிளம்புகிறார். வழியில் திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் குருவைப் பார்க்கிறார். குதிரைப் பணம் முழுக்கக் கோவிலாகிவிடுகிறது. எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டாத கணக்கு. ராஜாவும் ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் நரி பரியாகி, பரி நரியாகி ஏகக் களேபரம். "குதிரை வாங்கத் துறைமுகம் வரைக்கும் எதுக்கு, நம்ம மதுரையில இல்லாத குதிரையா?" என்று அன்றைக்கு ஒரு மாமா தடுத்திருந்தால் இன்றைக்குப் பெருமை பேசக் கோவிலே இருந்திருக்காது.

கடல் கடந்து வந்து போவதும் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. இதே புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரு பானை நிறைய ரோமானியத் தங்கக்காசு கிடைத்தது, ஐந்நூறுக்கு மேல். அதில் பெரும்பாலானவற்றில் ராஜா முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் தங்கம் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. ராஜாவுக்கு மரியாதையும் கிடையாது, பொறாமையும் கிடையாது, எடை என்ன என்பதுதான் கேள்வி. நம்ம ஆட்கள் அவ்வளவு நிதானமாக இருந்த காலமும் உண்டு.

எதிர்க்கட்சியையும் சும்மா விட முடியாது. கிரீஸ் போகிற நம்மவர்களில் ஒரு கோஷ்டி சான்டோரினியில் வெள்ளைச் சுவர், நீலக் கூரை முன்னால் நாலு நாள் போட்டோ எடுத்துவிட்டு, ஏதென்ஸுக்கு அரை நாள் ஒதுக்கும். அவர்களும் மாமாவும் ஒரே கட்சிதான். ஆளுக்கு ஒரு இருபது நிமிஷம்.

இந்தப் பையன் அப்படி இல்லை. அம்மா கேட்ட செலவுக் கேள்விக்கு அவன் கணக்குப் போட்டே பதில் வைத்திருக்கிறான். விசா கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து அதுதான். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. அக்ரோபொலிஸ் ஏறுவதற்கு 2025 ஏப்ரலிலிருந்து 30 யூரோ. கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தால் மதியத்தில் குன்றையே மூடிவிடுகிறார்கள், அதனால் அக்டோபர். எந்த மணிக்கு உள்ளே போவது என்பதையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஏதென்ஸ், டெல்ஃபி, மைசீனி, ஒலிம்பியா, தீவு எதுவும் கிடையாது. ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பௌசானியஸ் மொழிபெயர்ப்பைப் படிக்கிறான். முப்பது யூரோ கொடுக்கிறோமே என்பதால்தான் இவ்வளவு தயாரிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஓசியில் திறந்து கிடக்கிற கோவிலுக்கு யாரும் ஒரு பக்கம் கூடப் படித்துவிட்டுப் போவதில்லையே.

படிக்காவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தன் கோவில் நடராஜர் திருட்டுப் போய், ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருங்காட்சியகத்தில் நின்றார். 2014-ல்தான் திரும்பி வந்தார். பூட்டிய கோவிலுக்குள் சாமி இல்லை என்பதே ஊருக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் பெருமை இல்லாமலா இருந்திருக்கும்? கிரீஸ்காரர்களோ 1800-களின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போன ஒவ்வொரு துண்டும் பார்த்தெனானில் எந்த இடத்தில் இருந்தது என்று வரைபடம் போட்டு வைத்துக்கொண்டு, லண்டன்காரர்களோடு இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். 2009-ல் திறந்த புது மியூசியத்தில் லண்டனில் மாட்டிக்கொண்ட சிற்பங்களுக்குப் பதிலாக வெள்ளைப் பிளாஸ்டர் நகல்களை வைத்து, எது இல்லை என்பதை வருகிறவன் கண்ணில் படும்படி செய்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் ஒரு டார்ச் லைட்டும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஆவுடையார்கோவிலுக்குக் கிளம்பினான். கிரீஸுக்கு முன்னால் ஒரு ஒத்திகை. மாமாவும் வண்டியில் தொற்றிக்கொண்டார். கொடுங்கைக்குக் கீழே டார்ச் அடித்ததும் பத்து நிமிஷம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார், "மாப்ள, இந்த ஆணி மட்டும் இரும்பா?"